கை நீட்டுவதில்லை, ஆனால் அவள் தினமும் நடுங்குகிறாள்: முன்கூட்டியே தெரியும் அறிகுறிகள் உண்டா?

மழைக்கால் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கையைப் பற்றிக் கேட்கிறேன். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவளும் அவளுடைய துணைவரும் விரும்பிச் சேர்ந்தவர்கள். அவர் இதுவரை அவள் மேல் கை வைத்ததில்லை. குடிப்பதில்லை. நல்ல படிப்பு, நல்ல வேலை. வெளியில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனிதர் என்பார்கள்.

போன வாரம் அவள் என்னோடு இருந்தபோது போன் அடித்தது. பையிலிருந்து எடுப்பதற்குள் நின்றுவிட்டது. அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். உடனே திரும்பக் கூப்பிட்டாள். எடுத்த எடுப்பிலேயே, "போன் பைக்குள்ள இருந்துச்சு, வேணும்னா அக்காகிட்ட கேளுங்க" என்றாள். வீடியோவில் வரச் சொன்னார். அறை முழுவதையும் சுற்றிக் காட்டச் சொன்னார். எழுந்து நின்று கதவுக்குப் பின்னால்கூடக் காட்டினாள். வைத்த பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, "என் மேல அவருக்கு அவ்வளவு அக்கறை" என்றாள்.

ஆபத்துக் காரணிகள் என்று பல இடங்களில் ஒரு பட்டியலைப் படித்தேன். குடி, வறுமை, படிப்பின்மை, சிறு வயதில் வீட்டில் அடிதடியைப் பார்த்தது. இவருக்கு ஒன்றுமே பொருந்தவில்லை. அப்படியானால் நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?

---

ஒற்றைப்பனை

கதவுக்குப் பின்னால் காட்டச் சொன்னதற்குப் பெயர் அக்கறை இல்லை. மற்றதை விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

---

நூலகப்பூனை

நீங்கள் பெரிதுபடுத்தவில்லை, மழைக்கால். அந்தப் பட்டியல் தவறும் இல்லை. அதை எப்படிப் படிப்பது என்பதில்தான் சிக்கல்.

உலக சுகாதார நிறுவனம் 2005-இல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டது. 10 நாடுகளில் 24,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் பேசினார்கள். மனரீதியான வன்முறை என்று அதில் கேட்டவை நான்கே நான்கு. அவமதிப்பது, அல்லது தன்னைப் பற்றியே அவள் கேவலமாக நினைக்கும்படி செய்வது. பிறர் முன்னால் மட்டம் தட்டுவது. முறைத்தோ கத்தியோ பொருளை உடைத்தோ வேண்டுமென்றே பயமுறுத்துவது. அவளுக்கு வேண்டியவர்களை ஏதாவது செய்துவிடுவேன் என்று மிரட்டுவது. இதில் ஒன்றையாவது அனுபவித்ததாகச் சொன்ன பெண்கள் இடத்துக்கு இடம் 20 முதல் 75 சதவீதம் வரை இருந்தார்கள்.

கட்டுப்படுத்தும் நடத்தையைத் தனியாகக் கேட்டார்கள். தோழிகளைப் பார்க்க விடாதது, சொந்தக் குடும்பத்தோடு பேச்சைக் குறைப்பது, எந்நேரமும் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தாக வேண்டும் என்பது, வேறு ஆணிடம் பேசினால் கோபப்படுவது, ஓயாத சந்தேகம், மருத்துவரிடம் போகக்கூட அனுமதி கேட்க வைப்பது. உங்கள் தங்கையின் போன் அழைப்பை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடிக்கும் ஆண்களிடம் இந்தக் கட்டுப்பாடுகள் கூடுதலாக இருந்ததையும் அதே ஆய்வு காட்டியது.

இப்போது பட்டியல். அந்தத் தரவுகளை 2011-இல் மறுபடி அலசினார்கள். மிதமிஞ்சிய குடி, இருவரில் ஒருவர் சிறு வயதில் வதைபட்டது, தாய் அடிவாங்குவதைப் பார்த்து வளர்ந்தது, ஆணுக்கு வெளியுறவுகள், இளவயது, மனைவியை அடிப்பதில் தப்பில்லை என்ற எண்ணம், இவையெல்லாம் இருந்த இடத்தில் வன்முறை அதிகம். இருவரும் உயர்நிலைப் படிப்பை முடித்திருந்தால் குறைவு. ஆனால் அவர்கள் அளந்தது உடல், பாலியல் வன்முறையை. மனரீதியானதற்கு இந்தப் பட்டியலை அப்படியே தூக்கிப் போட முடியாது. இன்னொன்று, இவையெல்லாம் ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரிகிற போக்குகள். ஒரு தனி மனிதரைப் பிடித்து வைத்துக்கொண்டு, இவரிடம் குடி இல்லை, வறுமை இல்லை, அதனால் ஆபத்தும் இல்லை என்று கணக்குப் போடுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

---

கடைசிபெஞ்ச்

சண்டைக்கு வரவில்லை, உண்மையாகவே கேட்கிறேன். இது ஒரு பக்கக் கதையாக இருக்கிறதே? பெண்களும் குத்திக் காட்டுகிறார்கள், போனை நோண்டுகிறார்கள், நாள் கணக்கில் பேசாமல் இருக்கிறார்கள். எல்லா வீட்டிலும் நடப்பதுதானே? இதற்கெல்லாம் வன்முறை என்று பெயர் வைத்தால் உலகத்தில் ஒரு ஜோடியும் தப்பாது.

---

நூலகப்பூனை

நியாயமான கேள்விதான். வெறும் செயல்களை எண்ணினால் நீங்கள் சொல்வதுபோல இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக வரும் ஆய்வுகள் உண்டு. மைக்கேல் ஜான்சன் என்ற சமூகவியலாளர் 1995-இல் இந்தக் குழப்பத்தைப் பிரித்துக் காட்டினார். சண்டை முற்றி இருவரும் எல்லை மீறுவது ஒரு வகை. ஒருவர் மற்றவரின் வாழ்க்கை முழுவதையும் தன் பிடிக்குள் கொண்டுவருவது வேறு வகை. இந்த இரண்டாவது வகையில் பிடி பெரும்பாலும் ஆணின் கையில் இருக்கிறது.

சும்மா ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: சண்டை முடிந்த மறுநாள், அவளுடைய நாள் எப்படிப் போகிறது? வழக்கம்போல வேலைக்குப் போய், தோழியிடம் புலம்பிவிட்டு, மாலையில் சமாதானமானால் அது சண்டை. என்ன உடுத்தலாம், யாரிடம் பேசலாம், எத்தனை மணிக்குள் திரும்பலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே நாளைத் தள்ளினால் அது வேறு. எவன் ஸ்டார்க் என்ற ஆய்வாளர் 2007-இல் எழுதியது முழுவதும் இதைப் பற்றித்தான். காயத்தைத் தேடாதீர்கள், பறிபோன சுதந்திரத்தைப் பாருங்கள் என்பது அவர் வாதம்.

---

இரண்டாம்பக்கம்

கடைசிபெஞ்ச், அந்த வீட்டிலிருந்து வெளியே வந்தவள் நான். எல்லா வீட்டிலும் நடப்பதுதான் என்றுதான் நானும் பல வருடம் சொல்லிக்கொண்டேன்.

என் முன்னாள் கணவர் கத்தவே மாட்டார். விருந்தாளிகள் வந்தால் நான் ஏதாவது பேச ஆரம்பிக்கும்போது மெதுவாகத் தலையை ஆட்டிச் சிரிப்பார். அவ்வளவுதான். "பாவம், அவளுக்குத் தெரியாது, விடுங்க." எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். கொஞ்ச நாளில் விருந்தாளிகள் வந்தால் நான் சமையலறையை விட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டேன். "என் மனைவிக்குக் கூச்சம்" என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். நடந்ததை நடக்கவில்லை என்று அடித்துச் சொல்வார். சம்பளம் எவ்வளவு என்று நான் கேட்டதற்கு மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் பரிசோடு வந்தார். அந்த நான்காம் நாளுக்காகத்தான் அத்தனை வருடம் இருந்தேன் என்று நினைக்கிறேன்.

நூலகப்பூனை, ஒரு சந்தேகம். பொறுமைசாலி, பயந்த சுபாவம், தன்னம்பிக்கை இல்லாதவள், இப்படிப்பட்ட பெண்கள்தான் மாட்டிக்கொள்வார்கள் என்று என்னிடம் நிறைய பேர் சொல்லியிருக்கிறார்கள். உண்மையா?

---

நூலகப்பூனை

உங்கள் கேள்விக்கு ஒரு பழைய ஆய்வில் நல்ல பதில் இருக்கிறது. 1986-இல் ஹோட்டலிங், சுகர்மன் என்ற இருவர் அதுவரை வந்த 52 ஆய்வுகளை ஒன்றாக வைத்து, கணவன் மனைவியை அடிப்பதற்குக் காரணமாகச் சொல்லப்பட்ட 97 காரணிகளைச் சலித்துப் பார்த்தார்கள். அதில் பெண்ணைப் பற்றியவை மட்டும் 42. அவளுடைய படிப்பு, குணம், தன்மதிப்பு, எல்லாம். ஒன்றே ஒன்றுதான் கடைசிவரை நின்றது: சிறு வயதில் பெற்றோருக்கிடையே அடிதடியைப் பார்த்திருப்பது. ஆண் பக்கத்தில் நின்றவை அதைவிடப் பல மடங்கு.

அதாவது அவள் எப்படிப்பட்டவள் என்று எவ்வளவு ஆராய்ந்தாலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. தன்னம்பிக்கை இல்லாமை பெரும்பாலும் இதன் விளைவு. அதைக் காரணம் என்று எழுதினால் பழி இடம் மாறிவிடுகிறது. அந்த நான்காம் நாளைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். அதிகாரம் ஒரு பக்கமே இருந்து, கொடுமையும் அன்பும் மாறி மாறி வந்தால் பிணைப்பு இன்னும் இறுகும் என்று டட்டன், பெயிண்டர் இருவரும் 1981-இலேயே சொன்னார்கள். அதில் உங்கள் பலவீனம் ஒன்றுமில்லை, அக்கா.

---

தூக்கமில்லாதவன்

பெயருக்கேற்ற நேரத்தில் எழுதுகிறேன். என் அப்பா அம்மாவை நடத்திய விதத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். அடி உண்டு, ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அடி இல்லை. சாப்பாட்டில் உப்பு கூடியதென்றால் தட்டை மெதுவாகத் தள்ளி வைப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். அந்தத் தட்டு நகரும் சத்தம் கேட்டாலே நாங்கள் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொள்வோம்.

இந்தப் பட்டியல்களில் எல்லாம் என் பெயர் இருக்கிறது. சின்ன வயதில் பார்த்தவன் பின்னால் செய்வான் என்று. அடுத்த வருடம் எனக்குத் திருமணம். நான் என்ன செய்ய?

---

காதுகொடுப்பவள்

நான் குடும்ப வன்முறை ஆலோசகராக வேலை பார்க்கிறேன். பணியிடத்தின் பெயர் வேண்டாம்.

முதலில் உங்களுக்கு, தம்பி. பார்த்து வளர்ந்தவர்களில் பெரும்பாலானோர் அப்படி ஆவதில்லை. தொடர்பு உண்டு, ஆனால் தலையெழுத்து இல்லை. மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பது போலத்தான் இது, கறுத்த மேகம் எல்லாம் பொழிவதில்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. துணைவி "முடியாது" என்று சொல்லும் நேரத்தில் உங்களுக்குள் என்ன நடக்கிறது? எரிச்சல் வருவது மனித இயல்பு. அதற்கு அவள் விலை கொடுக்க வேண்டும் என்று தோன்றினால், தட்டைத் தள்ளத் தோன்றினால், அன்றைக்கே யாரிடமாவது போய்ப் பேசுங்கள். கேள்வி கேட்கும் ஆள் நீங்கள். உங்கள் அப்பா கேட்டிருப்பார் என்று நினைக்கிறீர்களா?

இனி மழைக்காலுக்கு. என்னிடம் வருபவர்களில் படித்தவர், படிக்காதவர், குடிப்பவர், குடிக்காதவர் எல்லாரும் உண்டு. குடி அடியைக் கூட்டும், அடிக்கடி நடக்க வைக்கும், பொய்யில்லை. ஆனால் குடித்துவிட்டு நிதானம் இழக்கிற அதே ஆள் மேலதிகாரியிடம் நிதானம் இழப்பதில்லை. கோபத்தை எங்கே அவிழ்த்துவிடலாம் என்று அவருக்குத் தெரிகிறது. அதனால் நான் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு வேறு விஷயங்களைக் கேட்பேன்.

உறவு எந்த வேகத்தில் தொடங்கியது? பழகிய சில வாரங்களிலேயே "நீ இல்லாமல் நான் இல்லை", உடனே சேர்ந்து வாழலாம், உன் தோழிகளுக்கு நம் மேல் பொறாமை என்ற பேச்சு வந்ததா? முன்பு பழகிய பெண்களைப் பற்றி என்ன சொன்னார்? எல்லோருமே பைத்தியம், எல்லோருமே ஏமாற்றினார்கள் என்றால் எனக்குக் காது விறைக்கும். ஆணுக்கு இவ்வளவு, பெண்ணுக்கு இவ்வளவு என்று மனதில் ஒரு அளவு வைத்திருக்கிறாரா? தவறு நடந்தால் மன்னிப்புக் கேட்பாரா, கேட்டாலும் "நீ அப்படிச் செய்ததால்தான்" என்று முடிப்பாரா? மனநலச் சிக்கல் இருக்கிறதா என்று எல்லோரும் கேட்பார்கள். சிலருக்கு உண்டு. ஆனால் மனச்சோர்வு உள்ளவர்கள் எல்லோரும் துணையை வதைப்பதில்லை, வதைப்பவர்களில் நிறைய பேருக்கு நோய் எதுவும் இல்லை.

அப்புறம் அவளுடைய சூழ்நிலை. சொந்த வருமானம் இல்லாதது, கணக்கு அவர் பெயரில் இருப்பது, தெரியாத ஊர், தெரியாத மொழி, குடியுரிமைத் தாள்கள் அவர் கையில் இருப்பது, உடல் ஊனம், கைக்குழந்தை. இவை அவரை வன்முறையாளராக ஆக்குவதில்லை, அவள் வெளியேறும் வழிகளை அடைக்கின்றன. இந்த வித்தியாசம் எனக்கு முக்கியம்.

சில காலங்களில் நிலைமை சட்டென்று மோசமாகும். வேலை போனபோது, இடம் மாறியபோது, அவளுக்குப் பதவி உயர்வு வந்தபோது. கர்ப்ப காலம் இன்னொன்று. பிரேசிலின் ரெசிஃபே நகரில் கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. உடல் வன்முறையைவிட மனரீதியான வன்முறைதான் அங்கே பரவலாக இருந்தது, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வோடு அதற்குத் தனியாகவே வலுவான தொடர்பும் இருந்தது.

---

கடைசிபெஞ்ச்

சரி, ஒப்புக்கொள்கிறேன், கட்டுப்பாட்டுக்கும் சண்டைக்கும் வித்தியாசம் இருக்கிறது. ஆனால் வார்த்தைதானே? எலும்பு முறிவதோடு ஒப்பிட முடியுமா?

---

இரண்டாம்பக்கம்

எலும்பு கூடிவிடும்.

---

நூலகப்பூனை

ஃபாலிங்ஸ்டட் என்பவரும் குழுவினரும் 1990-இல் அடிவாங்கிய 234 பெண்களிடம் இதையே கேட்டார்கள். 72 சதவீதம் பேர் அடியைவிட மனரீதியான வன்முறையே தங்களை அதிகம் பாதித்தது என்றார்கள். அதிலும் கேலி செய்து அவமானப்படுத்துவதுதான் மிக மோசம் என்று பலர் சொன்னார்கள். இரண்டையும் பட்டவர்கள் சொன்னது என்பதால் எனக்கு இது மறக்காத ஆய்வு.

"வெறும் வார்த்தை" அங்கேயே நிற்கும் என்றும் சொல்ல முடியாது. மர்ஃபியும் ஓலியரியும் 1989-இல், புதிதாகச் சேர்ந்த ஜோடிகளைத் தொடர்ந்து கவனித்து, சொல்லால் தாக்குவது பின்னால் வரும் கைகலப்புக்கு முன்னறிகுறியாக இருப்பதைக் காட்டினார்கள்.

இத்தனை இருந்தும், உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கணக்கில் 15 முதல் 49 வயதுக்குள் துணையோடு வாழ்ந்த பெண்களில் சுமார் 27 சதவீதம் பேர் உடல் அல்லது பாலியல் வன்முறையைச் சந்தித்தவர்கள் என்று வருகிறதே, அதில் மனரீதியானது சேரவே இல்லை. நாடுகளுக்கெல்லாம் பொதுவான அளவுகோல் அதற்கு இன்னும் ஒத்துக்கொள்ளப்படவில்லை.

---

ஒற்றைப்பனை

சட்டம் என் தொழில், அதனால் அந்தப் பக்கத்தை மட்டும் சுருக்கமாக. இந்தியாவின் 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வாய்மொழி, உணர்வுரீதியான துன்புறுத்தலையும் பொருளாதார ரீதியானதையும் வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015 முதல் கட்டுப்படுத்தும் நடத்தையே தனிக் குற்றம், 5 ஆண்டு வரை சிறை. சேர்ந்து வாழாத முன்னாள் துணைக்கு முதலில் அது பொருந்தாமல் இருந்தது, 2023-இல் அந்த ஓட்டையை அடைத்தார்கள். ஸ்காட்லாந்தின் 2018 சட்டத்தில் அவளுக்கு உண்மையில் தீங்கு நேர்ந்ததை நிரூபிக்க வேண்டியதில்லை. நியாயமான ஒருவர் பார்த்தால் தீங்கு தரக்கூடியது என்று தோன்றினாலே போதும். பல நாடுகளில் இன்னும் காயம் இருந்தால்தான் காவல் நிலையத்தில் காது கொடுப்பார்கள்.

---

மழைக்கால்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன். காதுகொடுப்பவள் கேட்ட கேள்விகளில் பாதிக்கு மேல் ஆம். வேகமாகத் தொடங்கியது, முன்பு பழகியவள் பைத்தியம் என்றது, சம்பளம் அவர் கணக்குக்குப் போவது. பழைய தோழிகள் ஒருவர்கூட இப்போது இல்லை.

இந்த வாரமே போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று இருக்கிறேன். இல்லாவிட்டால் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசலாமா?

---

காதுகொடுப்பவள்

இரண்டும் வேண்டாம், அவசரப்படாதீர்கள்.

ஒன்றாக உட்கார வைத்தால் அவள் உண்மையைச் சொல்ல முடியாது. சொன்னால் வீட்டுக்குப் போனதும் அதற்கான கணக்குத் தீர்க்கப்படும். ஒருவர் பயத்தில் இருக்கும் உறவில் ஜோடி ஆலோசனையைத் தொடங்கக்கூடாது என்பது எங்கள் தொழிலில் பொதுவாக ஏற்றுக்கொண்ட விஷயம்.

கூட்டிக்கொண்டு வருவதைப் பற்றி. ஜாக்குலின் கேம்பெல் குழுவினர் அமெரிக்காவில் 11 நகரங்களில் துணையால் கொல்லப்பட்ட பெண்களைப் பற்றி ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டார்கள். மிகவும் கட்டுப்படுத்தும் துணை, அதோடு சேர்ந்து வாழ்ந்த பின் பிரிவு, இரண்டும் கூடிய இடத்தில் கொலை ஆபத்து 9 மடங்கு. உங்கள் தங்கைக்கு இது நடக்கும் என்று சொல்லவில்லை. வெளியேறுவதைத் திட்டமில்லாமல் செய்யக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். கழுத்தை நெரித்தது, கொன்றுவிடுவேன் அல்லது செத்துவிடுவேன் என்று மிரட்டியது, ஆயுதம் கைக்கெட்டும் இடத்தில் இருப்பது, இவற்றில் எதுவும் உண்டா என்று மெதுவாகத் தெரிந்துகொள்ளுங்கள். இருந்தால் தாமதிக்காமல் உங்கள் நாட்டின் பெண்கள் உதவி எண்ணில் பேசுங்கள். அவள் சார்பில் நீங்களே அழைத்து வழி கேட்கலாம்.

அவரைத் திட்டாதீர்கள். திட்டினால் அவள் அவருக்காக வாதாட வேண்டி வரும், அடுத்த முறை உங்களிடம் சொல்ல மாட்டாள். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: "போன் நின்னதும் உன் முகம் மாறிச்சு, எனக்குப் பயமா இருந்துச்சு." முடிவு அவளுடையதாக இருக்கட்டும். இவ்வளவு காலம் அவளுக்காக வேறொருவர் முடிவெடுத்தார், அந்த இடத்தில் நீங்கள் போய் உட்கார வேண்டாம்.

---

தூக்கமில்லாதவன்

அவளுக்கென்று தனிப் பணம் இருந்தால் நிலைமை மாறுமா?

---

காதுகொடுப்பவள்

உதவும், ஆனால் பணம் மட்டும் போதாது. சில வீடுகளில் அவள் சம்பாதிக்கத் தொடங்கியதும் பிடி இறுகுவதைப் பார்த்திருக்கிறேன். தென்னாப்பிரிக்காவில் கிராமப்புறப் பெண்களுக்குச் சிறுகடனோடு, ஆண் பெண் உறவு பற்றிய கலந்துரையாடல் பயிற்சியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2006-இல் வந்த முடிவில், துணையால் வரும் உடல், பாலியல் வன்முறை பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. இரண்டும் சேர்ந்து போனதுதான் அதில் எனக்குப் பிடித்தது.

---

மழைக்கால்

புரிந்தது. சண்டை போடாமல் அடிக்கடி பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன். இந்த இழையின் இணைப்பை அவளுக்கு அனுப்பலாமா?

---

காதுகொடுப்பவள்

அனுப்ப வேண்டாம். வீடியோவில் அறையைச் சுற்றிக் காட்டச் சொல்பவர் போனையும் திறந்து பார்ப்பார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவளுடைய கூகுள் கணக்கின் கடவுச்சொல்லும் இருப்பிடப் பகிர்வும் அவர் கையில் இருக்கலாம். அதைத் திடீரென்று நிறுத்தினாலும் அவருக்குச் சந்தேகம் வரும், அதனால் இப்போது எதையும் மாற்றச் சொல்லாதீர்கள். நேரில் பார்க்கும்போது உங்கள் போனில் காட்டுங்கள். அடையாள அட்டை, சான்றிதழ்களின் நகல்களை உங்களிடம் வைத்துக்கொள்ள அவளுக்குச் சம்மதமா என்று கேளுங்கள். உதவி தேவை என்பதற்கு ஒரு சாதாரண வாக்கியத்தை இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள், "அந்தப் பச்சைச் சேலையைக் கொண்டு வா" என்பது மாதிரி. அது வந்தால் நீங்கள் யாரை அழைப்பீர்கள் என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள்.